கான்கிரீட்டுக்கு அள்ளி, ஆராய்ச்சிக்குக் கிள்ளி

திருவனந்தபுரத்துக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து இறங்கும் எவருக்கும் முதலில் அறிமுகமாகும் இடம் தம்பானூர். சாலையின் ஒரு பக்கம் 1931ல் வந்த ரயில் நிலையம். எதிர்ப்பக்கம் அரசு பஸ் நிலையம். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் புற்றுநோய் மையத்துக்கும் வருகிறவர்கள் கால் வைக்கிற மண் இதுதான். ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும், கால் வைக்க மண் இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸைத் தேடும் ஜனங்களின் புகைப்படம், பருவமழை தொடங்கியதும் மலையாளப் பத்திரிகைகளில் தவறாமல் இடம்பெறும் விஷயம்.

அந்தத் தண்ணீர் போக வேண்டிய வழி பிளாட்பாரங்களுக்கும் தண்டவாளங்களுக்கும் அடியில் இருக்கிறது. ஆமையிழஞ்சான் தோடு என்று பெயர். தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஆமை ஊர்ந்த ஓடை என்று பொருள்படும். இப்போது அதில் ஆமைக்கும் இடமில்லை. பிளாஸ்டிக் பைகள், பாட்டில்கள், சாக்கடைக் கழிவு எல்லாமாகச் சேர்ந்து இறுகிப்போன ஒரு கறுப்புக் குழம்பு, ரயில் நிலையத்தின் அடியில் நூறு மீட்டருக்கு மேல் நீளும் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது.

இப்படி ஒரு சுரங்கம் இருப்பது 2024 ஜூலை 13 அன்று நாட்டுக்கே தெரிந்தது. அதைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மழையில் திடீரென்று பெருகிய நீரில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், கடற்படை முக்குளிப்பவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். உள்ளே கும்மிருட்டு. கழிவு அடுக்கடுக்காகப் படிந்து கிடந்ததால், கையால் தடவித் தடவித்தான் முன்னேற வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 15 காலையில், சுரங்கத்துக்கு வெளியே தகரப்பறம்பு அருகே அவரது உடல் கிடைத்தது.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. தண்டவாளத்துக்குக் கீழே போகும் ஓடை யாருடைய பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒருவரையொருவர் கை காட்டின. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. யார் குற்றவாளி என்ற கேள்வி அவசியமானதுதான். ஆனால் அதற்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டிய, மிகச் சாதாரணமான சில கேள்விகள் இருக்கின்றன. சுரங்கத்துக்குள் எவ்வளவு உயரத்துக்குச் சேறு இருக்கிறது? எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை நிமிடத்தில் உள்ளே நீர் எழும்பும்? எப்போது ஒரு மனிதன் அதில் இறங்கக்கூடாது? மூன்றும் அளந்து சொல்லக்கூடிய விஷயங்கள். ஒரு பொறியியல் மாணவன் ஒரு வருடம் அந்த ஓடையோடு குடித்தனம் நடத்தினால் பதில் கொண்டுவந்துவிடுவான். அந்த ஒரு வருடத்துக்கு யார் காசு தருவது என்பதில்தான் சிக்கல்.

இந்த ஓடையின் பாதையைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அது ஊற்றெடுக்கும் அப்சர்வேட்டரி குன்றில், சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837ல், வானாராய்ச்சி நிலையம் அமைந்தது. இந்தியாவின் பழைய வானிலை அளவீடுகளில் சில அங்கே எடுக்கப்பட்டவை. அங்கிருந்து தம்பானூர், பழவங்காடி, வஞ்சியூர், கண்ணம்மூலை என்று சுமார் 12 கிலோமீட்டர் ஓடி, ஆக்குளம் காயலில் சேர்கிறது. அந்த ஆக்குளத்தில்தான் மத்திய அரசின் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம், முடிவில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதே நகரத்தில் 1939 முதல் இயங்கும் அரசு பொறியியல் கல்லூரி வேறு. நாட்டில் இத்தனை விஞ்ஞானக் காவலோடு ஓடும் சாக்கடை இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம். அறிவுக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. அந்த அறிவை ஓடைக்குள் இறக்கிவிடும் பணம்தான் இல்லை.

நகரத்து வெள்ளம் ஆற்று வெள்ளத்திலிருந்து மாறுபட்டது. ஆற்றில் வெள்ளம் வருவதற்கு மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ அவகாசம் இருக்கும். நகரத்தில் நிமிடக் கணக்குதான். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் தண்ணீர் 5 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் 5,000 தேவைப்படும் அளவு. வயலும் தோப்புமாக இருந்த காலத்தில் இதில் பெரும்பகுதியை மண் குடித்துவிடும். தார்ச்சாலையும் சிமெண்ட் தளமும் குடிப்பதில்லை. மொத்தமும் ஒரே சமயத்தில் பள்ளத்தை நோக்கி ஓடும். தம்பானூர் அப்படிப்பட்ட பள்ளம்.

போதாக்குறைக்கு, தம்பானூரின் தலையெழுத்து தம்பானூரில் மட்டும் எழுதப்படுவதில்லை. ஆக்குளம் காயல், வேளி கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. அங்கே மணல் திட்டு மூடிக்கொண்டால் காயல் நிரம்பும். காயல் நிரம்பினால் அதில் சேரும் ஓடைகள் வடியாமல் தேங்கும். 2023 அக்டோபரில் ஒரே இரவில் பெய்த மழையில் நகரின் தாழ்ந்த பகுதிகளும் டெக்னோபார்க் வளாகமும் மூழ்கியபோது இந்தச் சங்கிலியின் பலவீனம் பளிச்சென்று தெரிந்தது. எந்தக் கண்ணி முதலில் அறுகிறது என்று தெரியாமல் தம்பானூரில் மட்டும் வடிகாலை அகலப்படுத்துவது, ஜுரத்தைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை மாற்றுவது போன்றது.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2015ல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் அதிகாரிகள் களத்தில் இறங்கினார்கள். ஆக்கிரமிப்புகள் இடிக்கப்பட்டன. மன்னர் காலத்துக் கால்வாய் ஒன்று கட்டடங்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ஒரு தலைநகரம் தன்னுடைய கால்வாயையே தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். சில காலம் தம்பானூர் மூச்சு விட்டது. பிறகு அதிகாரிகள் மாறினார்கள், வேகம் தணிந்தது. அதிகாரியின் ஆர்வத்தை நம்பி நடக்கும் காரியம் அவரது இடமாற்றத்தோடு முடிந்துபோகும். அளந்து பதிவு செய்து வைத்தது மட்டுமே மிஞ்சும்.

இப்போது பணம் வரத் தொடங்கியிருக்கிறது. 2025 அக்டோபரில் மத்திய அரசின் உயர்நிலைக் குழு, நகர வெள்ள அபாய மேலாண்மைத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 11 நகரங்களுக்கு ரூ. 2,444 கோடி. பட்டியலில் போபால், கவுஹாத்தி, பாட்னா, விசாகப்பட்டினம் ஆகியவற்றோடு திருவனந்தபுரமும் இருக்கிறது. சென்னை, மும்பை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களுக்கு முதல் கட்டத்தில் ரூ. 3,000 கோடிக்கு மேல் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. நல்ல காரியம். இதில் பெரும்பங்கு எங்கே போகும் என்பதை ஊகிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வடிகால், தடுப்புச் சுவர், மதகு, பம்ப். கான்கிரீட்டுக்கு டெண்டர் விட முடியும், திறப்பு விழா நடத்த முடியும். மழைமானி படித்துக் குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்துக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தை எழுத வேண்டிய மாணவனின் பணப்பையைப் பார்ப்போம். ‘கேட்’ தேர்வில் தேறி எம்.டெக். சேர்பவருக்கு மாத உதவித்தொகை பல ஆண்டுகளாக ரூ. 12,400 என்ற அளவிலேயே நின்றது. விடுதி, சாப்பாடு, பஸ் கட்டணம் போனால் கருவி வாங்க எதுவும் மிஞ்சாது. தானே அளவெடுத்துப் பதியும் மழைமானி ஒன்றின் விலையே பல மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். பி.எச்டி. மாணவர்களின் நிலைமை கொஞ்சம் தேவலை. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023ல் ரூ. 31,000லிருந்து ரூ. 37,000 ஆக உயர்ந்தது, அதுவும் போராட்டங்களுக்குப் பிறகு. 2018ல் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் ரூ. 70,000 முதல் ரூ. 80,000 வரை தந்தது. ஆராய்ச்சிச் செலவுக்கென்று வருடத்துக்கு ரூ. 2 லட்சம் தனி. ஆனால் அது ஐ.ஐ.டி. போன்ற தேர்ந்தெடுத்த நிறுவனங்களின் வாசலைத் தாண்டி அதிகம் வரவில்லை. மாவட்டப் பொறியியல் கல்லூரியின் மாணவனுக்கு இருப்பது மாநில அறிவியல் தொழில்நுட்பக் குழுவின் மாணவர் திட்டம். கேரளத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. நோக்கம் பாராட்டத்தக்கது. தொகையோ ஒரு திட்டத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து பைண்டு பண்ணுவதற்குச் சரியாக இருக்கும்.

பணம் குறைவு என்பது பாதிப் பிரச்சினை. மீதிப் பாதி காலண்டர். எம்.டெக். ஆய்வு வேலை பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரம் வந்துவிடும். மாணவன் தலைப்பைப் பதிவு செய்யும்போது பாதி மழை போயிருக்கும். மூன்று கொட்டேஷன் வாங்கி, துறைத் தலைவரிடமும் முதல்வரிடமும் கையெழுத்து வாங்கி, கருவி வந்து சேரும்போது வடகிழக்குப் பருவமும் முடிந்திருக்கும். வறண்ட ஓடையில் பொருத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த மழை வரும்போது அவன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பான். நகர வெள்ளத்தைப் பற்றிய ஆய்வேடுகளில் பல, ஒரு வெள்ளத்தைக்கூடப் பார்க்காமல், பழைய மழைக் கணக்கையும் கம்ப்யூட்டரையும் மட்டும் வைத்து எழுதப்படுவதற்குக் காரணம் மாணவனின் சோம்பல் அல்ல. மழையின் காலண்டரும் மானியத்தின் காலண்டரும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2015ல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் விஷவாயு தாக்கி இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோ டிரைவர் ஒருவரும் இறந்தார்கள். குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த சில நண்பர்கள், ரோபோ செய்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்தக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இயந்திரத்தை இறக்கினால் என்ன என்று கேட்டார்கள். கேரள ஸ்டார்ட்-அப் மிஷன் கை கொடுத்தது. குடிநீர் வாரியம் தன் சாக்கடைகளைச் சோதனைக்குத் திறந்துவிட்டது. ‘ஜென்ரோபாட்டிக்ஸ்’ என்ற நிறுவனமும் ‘பேண்டிகூட்’ என்ற ரோபோவும் பிறந்தன. பேண்டிகூட் என்றால் பெருச்சாளி. 2018ல் திருவனந்தபுரத்தின் ஆள்நுழைவுக் குழிகளில் வேலையைத் தொடங்கிய அது, பின்னர் பல மாநிலங்களுக்குப் போனது. 2024 ஜூலையில் தம்பானூர் சுரங்கத்தில் தேடுதல் நடந்தபோது உள்ளே அனுப்பப்பட்டவற்றில் இந்த நிறுவனத்தின் இயந்திரங்களும் உண்டு.

அந்தத் தேடலில் ரோபோவால் தொழிலாளியைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் இறங்கியபிறகு வந்த உதவி அது. ஆனால் கல்லூரிப் பையன்களின் யோசனைக்குக் கொஞ்சம் பணம், கொஞ்சம் வழிகாட்டல், சோதித்துப் பார்க்க ஒரு நிஜமான சாக்கடை மூன்றும் கிடைத்தால் மூன்றே வருடத்தில் என்ன வரும் என்பதற்கு இது சாட்சி. மூன்றாவதை மறந்துவிடக் கூடாது. பணத்தைவிட அரிதானது அதுதான். மாநகராட்சியின் வடிகால் வரைபடத்தைக் கேட்டுப் போகும் மாணவனுக்கு நாற்காலி போட்டுப் பேசும் அலுவலகங்கள் குறைவு.

மற்ற நகரங்களின் வரலாறும் ஒரே வரிசையில்தான் போகிறது. முதலில் சாவு, பிறகு பணம், கடைசியில் ஆராய்ச்சி. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதற்குப் பிறகுதான், 2010ல், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நகர வெள்ளத்துக்கென்று தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நான்கு சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி வேண்டும், பெரிய வடிகால்களின் தூர்வாரல் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 31க்குள் முடிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. சென்னை 2015ல் மூழ்கியது. அதன்பிறகு ஐ.ஐ.டி. பம்பாய், ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் எல்லாம் சேர்ந்து, எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் ‘சி-ஃப்ளோஸ்’ அமைப்பை 2019ல் கொண்டுவந்தன. மறு வருடம் மும்பைக்கு ‘ஐ-ஃப்ளோஸ்’ வந்தது. இத்தகைய கணக்குகளை இரவெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பவர்கள் யார் என்று எந்த சிவில் இன்ஜினியரிங் துறையில் விசாரித்தாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: ஆராய்ச்சி மாணவர்கள்.

வெளிநாட்டில் இதற்கு வேறு மாதிரியும் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, மழைநீர் வடிகால்களைக் கணக்கிடும் மென்பொருளை 1971 முதல் உருவாக்கி வளர்த்து வருகிறது. உலகம் முழுவதும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நம் மாணவர்கள் பயன்படுத்துவதும் பெரும்பாலும் அதைத்தான். அதே அமைப்பு 2012ல், தங்கள் கல்லூரி வளாகத்தின் மழைநீரை எப்படிச் சமாளிப்பது என்று திட்டம் தீட்டும் மாணவர் குழுக்களுக்குப் பரிசுப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவிலும் தேசிய நகர்ப்புற விவகார நிறுவனமும் தூய்மை கங்கை இயக்கமும் சேர்ந்து, நகரத்து நதிகளைப் பற்றிய மாணவர் ஆய்வேடுகளுக்குப் பண உதவி தரும் போட்டியை நடத்தியிருக்கின்றன. யோசனை புதிதல்ல என்பதற்காகச் சொல்வது. அளவுதான் போதவில்லை.

மாணவர் ஆய்வுக்குக் கொட்டும் பணம் வீண் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஒரே தலைப்பில், ஒரே முறையில், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதிய ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் தூசி தின்றுகொண்டிருக்கின்றன. மாநகராட்சிப் பொறியாளருக்கு அப்படி ஓர் ஆய்வு நடந்ததே தெரியாது. ஆனால் இதற்கு மருந்து பணத்தை நிறுத்துவதல்ல, நிபந்தனை போடுவது. மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர் இணை வழிகாட்டியாக இருக்க வேண்டும். பணம் ஏப்ரலிலேயே கைக்கு வர வேண்டும். இரண்டு மழைக்காலங்களுக்காவது நீடிக்க வேண்டும். கருவி மாணவனோடு போகாமல் அதே இடத்தில் இருந்து, அடுத்த ஆண்டு மாணவன் தொடர வேண்டும். எடுத்த அளவுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாக வேண்டும். மழை நேரத்தில் எந்த மாணவனும் ஓடைக்குள் இறங்கக் கூடாது, காப்பீடு கட்டாயம். தொழிலாளியின் உயிரைக் காக்கப் புறப்பட்ட ஆய்வு மாணவனின் உயிரைக் கேட்கக் கூடாது.

செலவு எவ்வளவு ஆகும்? ரூ. 2,444 கோடியில் நூற்றில் ஒரு பங்கு ரூ. 24 கோடி. 11 நகரங்களுக்குப் பிரித்தால் நகரத்துக்கு ரூ. 2 கோடிக்குச் சற்று மேல். ஒரு மாணவர் ஆய்வுக்கு ரூ. 2 லட்சம் என்று வைத்தால் ஒவ்வொரு நகரத்திலும் நூறு ஆய்வுகள். திருவனந்தபுரம் மாநகராட்சியின் பரப்பு சுமார் 215 சதுர கிலோமீட்டர். 2010 நெறிகளின்படி ஐம்பதுக்கு மேற்பட்ட மழைமானிகள் வேண்டும். பள்ளிகளும் கல்லூரிகளும் இல்லாத வார்டு அங்கே கிடையாது. ஒவ்வொன்றின் மொட்டை மாடியிலும் ஒரு மழைமானி, அதற்குப் பொறுப்பாக ஒரு மாணவர் குழு. ஓடையின் பாலங்கள்தோறும் ஒரு நீர்மட்ட அளவுகோல். மீதி 99 பங்கு கான்கிரீட்டை எங்கே கொட்டுவது என்பதை அந்த ஒரு பங்கு சொல்லும். தவறான இடத்தில் கட்டிய ஒரு வடிகாலைத் தவிர்த்தாலே போட்ட பணம் திரும்பிவிடும்.

இந்தியா தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 சதவிகிதம் என்று அரசின் புள்ளிவிவரமே சொன்னது. 2023ல் சட்டமாகி வந்த தேசிய ஆராய்ச்சி நிதியம் ஐந்தாண்டில் ரூ. 50,000 கோடி திரட்டுவதாகச் சொன்னபோது, அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும் என்றே கணக்குப் போடப்பட்டது. பெரிய விஞ்ஞானத்துக்கு அந்தப் பணம் வரலாம். தம்பானூர் சுரங்கத்தின் சேற்றை அளக்க எந்தக் கம்பெனியும் முன்வராது. அதில் லாபம் இல்லை. அங்கே அரசும் மாநகராட்சியும்தான் கை நீட்ட வேண்டும்.

அடுத்த முறை அந்தச் சுரங்கத்தைத் தூர்வாரும் நாள் வரும். மேற்பார்வையாளரின் கையில், மேல்பகுதியில் இத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தால் இத்தனை நிமிடத்தில் கீழே நீர் எழும்பும் என்று ஒரு சின்னஞ்சிறு அட்டவணை இருந்தால், தொழிலாளியை வெளியே கூப்பிட அவருக்கு நேரம் கிடைக்கும். அந்த ஒற்றைத் தாளைத் தயாரிக்க ஒரு மாணவனும், இரண்டு மழைக்காலமும், இரண்டு லட்ச ரூபாயும் போதும்.